குதிரைக்கு வயிற்றுவார் படும் இடத்தில் புண்: தேய்க்கும் முன் கழுவுங்கள்

வணக்கம் சகோ. அரியமான் கடற்கரையில் சவாரி முடிந்ததும் குதிரையை நன்றாகத் தேய்த்துவிட்டும், சேணத்தை வயிற்றோடு சேர்த்துக் கட்டும் வயிற்றுவார் படும் இடத்தில் முடி கொட்டிப் புண்ணாகிறது என்கிறீர்கள். உப்பும் மணலும் காய்ந்திருக்கும்போது தேய்த்தால், உப்புத்தாள் போட்டு உரசிய மாதிரிதான்.

முதலில் நல்ல தண்ணீரில் அலசுங்கள். உப்புக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், காய்ந்ததும் மறுபடி உப்புப் பூக்கும். காலில் தொடங்கி மேலே போங்கள். முன்னங்கால் இடுக்கிலும் அடிவயிற்றிலும் கையால் தடவி, மணல் நெருடாதவரை ஊற்றுங்கள். தண்ணீரை வழித்து நிழலில் காயவிடுங்கள்.

காய்ந்தபின் ரப்பர் சீப்பால் கழுத்து, தோள், பின்தொடையில் வட்டமாகத் தேயுங்கள். முகத்திலும் முழங்காலுக்குக் கீழும் அது கூடாது. அங்கே மெத்தென்ற பிரஷ் போதும். பிறகு முடி படியும் திசையில் பிரஷ் போடுங்கள்.

குளம்பைக் குதியிலிருந்து நுனி நோக்கிச் சுரண்டுங்கள். நடுவிலுள்ள முக்கோணச் சதையின் இருபக்கப் பள்ளத்தில் கறுப்பாக நாற்றமடித்தால் அழுகல் தொடங்கிவிட்டது.

வாரையும் சேணத்துணியையும் தினமும் அலசுங்கள், பலர் விடுவது இதைத்தான். புண்ணில் எண்ணெய் தடவிச் சவாரிக்கு விடாதீர்கள், மணல் ஒட்டிக்கொள்ளும். ஆறும்வரை சேணமே போடாதீர்கள். சீழோ வீக்கமோ இருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.