கொடிமலையில் மர்மோட் ஏன் இல்லை?

மர்மோட், அதாவது மண்ணில் வளை தோண்டி வாழும் பெரிய அணில் இனம், மலைப் பிராணிதானே, நம்ம பினாங்கு கொடிமலையில் ஏன் ஒன்றுகூட இல்லை, அது இடம் பார்த்துக் குடியேறுவது எப்படி, பனிக்காலத்தை எப்படித் தாண்டுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கொடிமலை 833 மீட்டர்தான், உச்சிவரை காடு. மர்மோட்டுக்குக் காடு ஆகாது. மரமும் புதரும் மறைத்தால் நரியோ கழுகோ வருவது தெரியாது, அதனால் பெரும்பாலும் மரம் வளராத உயரத்தில், நாலா பக்கமும் பார்வை போகிற புல்வெளியாகப் பார்த்துத்தான் வளை தோண்டும். வெயிலும் தாங்காது. ஆல்ப்ஸ் மலையிலேயே கோடையில் நடுப்பகல் சூடு ஏறினால் மேய்வதை விட்டுவிட்டு வளைக்குள் போய்விடும், நம்ம ஊர்ப் புழுக்கத்தில் என்ன செய்யும்?

சில வருடங்களுக்கு முன் லடாக் போனபோது பாங்கோங் ஏரிக்குப் போகும் வழியில் இமாலய மர்மோட்டைப் பக்கத்தில் பார்த்தேன். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைப் படிகளை நிற்காமல் ஏறுகிற எனக்கு, அங்கே வண்டியைவிட்டு இறங்கி நாலு எட்டு வைப்பதற்குள் மூச்சு வாங்கியது. அது பாட்டுக்கு வளை வாசலில் பின்னங்கால்களில் நிமிர்ந்து, முன்னங்கைகளை நெஞ்சில் மடித்துக்கொண்டு நின்றது. பெரிய பூனை அளவு, மூக்கில் ஈர மண், நீளமான மஞ்சள் பற்கள். மேலே ஒரு பறவையின் நிழல் ஓடியதுதான் தாமதம், எங்கிருந்தோ ஒன்று கீச்சென்று கத்த, மேய்ந்துகொண்டிருந்த அத்தனையும் மண்ணுக்குள் மறைந்துவிட்டன. வாசல் பக்கத்திலேயே இருப்பதன் அருமை அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மண் ஆழமாக இருக்க வேண்டும் என்பது இதைவிட முக்கியம், ஏனென்றால் வருடத்தில் பாதிக்கு மேல் அது உள்ளேதான் கிடக்கிறது. குளிர் தொடங்கியதும் மண்ணும் கல்லும் வைத்து வாசலை உள்ளிருந்து அடைத்துவிட்டு, ஆல்ப்ஸ் மர்மோட் என்றால் குடும்பமே ஒன்றையொன்று ஒட்டிப் படுத்துவிடும். இதயம் நிமிடத்துக்குச் சில துடிப்புகள், உடல் வெப்பம் 5 டிகிரி அளவுக்கு இறங்கும். இடையிடையே உடம்பைச் சூடாக்கி எழும், அப்புறம் மறுபடி தூக்கம். முதல் பனிக்காலத்தைப் பார்க்கும் குட்டிகளுக்குப் பெரியவற்றின் சூடுதான் காவல். இத்தனைக்கும் எரிபொருள் கோடையில் புல்லும் செடியும் தின்று சேர்த்த கொழுப்பு மட்டுமே, அதனால் தயவுசெய்து யாரும் அதற்கு பிஸ்கட் நீட்டாதீர்கள். எங்கள் வண்டியில் ஒரு பையன் பாக்கெட்டைப் பிரித்ததும் ஓட்டுநர் அண்ணன் வாங்கி உள்ளே வைத்துவிட்டார், எனக்கு அவரைக் கும்பிடத் தோன்றியது.

இடம் தவறினால் என்ன ஆகும் என்பதற்குக் கனடாவின் வான்கூவர் தீவைப் பாருங்கள். அங்கே மரம் வெட்டிய சரிவுகள் வெட்டவெளியாகத் தெரிந்ததால் மர்மோட்கள் புல்வெளி என்று நம்பிக் குடியேறின, ஆனால் அங்கே போனவை அதிக நாள் பிழைக்கவில்லை, ஓநாய்க்கும் பூமா என்ற பெரிய காட்டுப்பூனைக்கும் சுலபமான இரையாயின, சில வருடத்தில் மரமும் திரும்ப வளர்ந்து மறைத்தது. 2003 வாக்கில் இயற்கையில் மிஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. அப்புறம் உயிரியல் பூங்காக்களில் குட்டி ஈனவைத்து, பழைய உயரப் புல்வெளிகளிலேயே கொண்டுபோய் விட்டார்கள். இப்போது 300-ஐத் தாண்டிவிட்டன.