பனியில் கிடந்த கப்பல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நார்வேயின் துருவ ஆய்வுக் கப்பலான ஃப்ராமின் மூன்று பயணங்களைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். மனதில் ஒரு நெருடல். முதல் பயணத்தில் அந்தக் கப்பல் மூன்று வருடம் பனியில் மாட்டிக்கொண்டு சும்மா கிடந்தது. வடதுருவத்தையும் எட்டவில்லை. தலைவரான நான்சென் பாதியிலேயே இறங்கி நடக்கத் தொடங்கிவிட்டார். உடன் வந்தவர்களை அப்படி விட்டுப்போனது சரியா? பிற்பாடு அமுண்ட்சென் அதே கப்பலில் போய்த் தென்துருவத்தைத் தொட்டார். கொண்டாட வேண்டியது அந்தப் பயணத்தை அல்லவா?

ர.

அன்புள்ள ர.,

‘மாட்டிக்கொண்டு’ என்ற சொல்லை மட்டும் நான் ஏற்கமாட்டேன். ஃப்ராம் மாட்டிக்கொள்ளவில்லை. பனிக்குள் தானே போய் உட்கார்ந்தது. அதற்காகவே கட்டப்பட்ட கப்பல் அது.

கதை இன்னொரு கப்பலில் தொடங்குகிறது. ஜீனெட் என்ற அமெரிக்கக் கப்பல் 1881இல் சைபீரியாவுக்கு வடக்கே பனியில் நசுங்கி மூழ்கியது. மூன்று வருடம் கழித்து கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரையில் அதன் மிச்சங்கள் ஒதுங்கின. அவற்றில் ஒரு மாலுமியின் பெயர் எழுதிய கால்சட்டையும் இருந்தது. சைபீரியாவில் மூழ்கிய கப்பலின் கால்சட்டை கிரீன்லாந்துக்கு எப்படி வந்தது? வட பெருங்கடலின் பனிப்பரப்பே குறுக்காக நகர்ந்துகொண்டிருக்க வேண்டும் என்றார் நார்வேயின் வானிலை அறிஞர் ஹென்ரிக் மோன். கால்சட்டை போன வழியில் ஒரு கப்பலும் போகலாமே என்று யோசித்தவர் நான்சென்.

நசுங்காத கப்பல்தான் வேண்டும். கப்பல் கட்டுநர் காலின் ஆர்ச்சர் அதை நார்வேயின் லார்விக் ஊரில் கட்டினார். 1892 அக்டோபரில் நீரில் இறங்கியது. சுமார் 39 மீட்டர் நீளம், 11 மீட்டர் அகலம். பக்கச்சுவர் இரண்டடிக்கும் மேல் கனம். ஆனால் ரகசியம் கனத்தில் இல்லை, வடிவத்தில் இருக்கிறது. அடிப்பாகம் உருண்டையாக இருந்ததால், இருபுறமும் பனி நெருக்கினால் பிடிக்க இடமில்லாமல் கப்பல் மேலே எழும்பிவிடும். ஈரக்கையால் பிடித்த பலாக்கொட்டை நழுவி வருவதைப் போல. சுக்கானையும் உந்துவிசிறியையும்கூட உள்ளே தூக்கிக்கொள்ளலாம். இதே உருண்டை அடிப்பாகத்தால் திறந்த கடலில் படாதபாடு படுத்தும் அளவுக்கு உருளும். அதையும் தெரிந்தேதான் கட்டினார்கள்.

1893 செப்டம்பரில் 13 பேருடன் பனிக்குள் நுழைந்தது. முதல் மாதங்கள் கொடுமை. பனி வடக்கே போகாமல் இழுத்தடித்தது. நவம்பரில் கணக்குப் பார்த்தால், தொடங்கிய இடத்துக்கும் தெற்கே இருந்தார்கள்! நான்சென் பொறுமையிழந்தது அங்கிருந்துதான். 1895 ஜனவரியில் பனி கப்பலின் விளிம்பைத் தாண்டி ஏறியது. எல்லாரும் இறங்கிவிடத் தயாரானார்கள். கடைசியில் ஆர்ச்சரின் கணக்கு பொய்க்காமல் கப்பல் மேலெழுந்தது.

நீங்கள் ‘சும்மா’ என்கிறீர்களே, அந்த மூன்று வருடம் கப்பலில் என்ன நடந்தது தெரியுமா? வட பெருங்கடல் ஆழமற்றது என்றுதான் அதுவரை பலரும் நம்பியிருந்தார்கள். இவர்கள் இறக்கிய கயிறு தரையைத் தொடவில்லை. சரி என்று கப்பலின் எஃகு வடம் ஒன்றைப் பிரித்து, இழைகளை இணைத்து நீளமான கயிறு செய்தார்கள். பனியின் மேல் நின்றுகொண்டு, அந்தக் குளிரில் செய்கிற வேலையா அது! 3,000 மீட்டருக்கும் மேல் ஆழம் இருந்தது. ஒரு பெருங்கடலை உலகம் அப்போதுதான் சரியாகத் தெரிந்துகொண்டது.

இன்னொன்று. பனி காற்று வீசும் திசையிலேயே நகரவில்லை. 20 முதல் 40 டிகிரி வலப்பக்கம் விலகி நகர்ந்தது. பூமியின் சுழற்சிதான் காரணம் என்று நான்சென் ஊகித்தார். அதைக் கணிதமாக்கியவர் ஸ்வீடனின் கடலியல் அறிஞர் எக்மன். தென்மேற்குப் பருவக்காற்று நாட்களில் கேரளம், கன்னியாகுமரிக் கடலில் ஆழத்துக் குளிர்நீர் மேலே வந்து மீன் பெருகுகிறதே, அதை விளக்கவும் எக்மனின் அந்தக் கணக்கு வேண்டும். இதை முதலில் படித்த அன்று எனக்கு வேறு எதிலும் மனம் ஓடவில்லை.

இனி, விட்டுப்போனது பற்றி. 1895 மார்ச் 14 அன்று நான்சென் தன் ஆட்களில் யோஹான்சென் என்ற ஒருவரை மட்டும் அழைத்துக்கொண்டு, 28 நாய்களுடன் துருவத்தை நோக்கிக் கிளம்பினார். கப்பலை ஒட்டோ ஸ்வெர்ட்ரப்பிடம் எழுத்தில் ஒப்படைத்துவிட்டுப் போனார். கப்பலுக்கு முதலிலிருந்தே தலைமை மாலுமி ஸ்வெர்ட்ரப்தான். பாதுகாப்பான இடத்தில் பதினொரு பேரை விட்டுவிட்டு, ஆபத்தான பாதையைத் தான் எடுத்துக்கொண்டார் நான்சென். அதைக் கைவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் நெருடலில் ஒரு நியாயம் இருக்கிறது. அந்த நடை தேவையே இல்லை என்பது என் எண்ணம்.

கணக்கைப் பாருங்கள். இருவரும் எட்டிய உச்சி வட அட்சரேகை 86 டிகிரி 14 நிமிடம். துருவம் 90 டிகிரி. அதன்பின் திரும்பி, ஃபிரான்ஸ் யோசெஃப் தீவுகளில் கல்லும், வால்ரஸ் என்ற பெரிய கடல்விலங்கின் தோலும் கொண்டு ஒரு குழிக்குடில் அமைத்து, கரடிக்கறி தின்று ஒரு குளிர்காலத்தைக் கழித்தார்கள். உயிரோடு மீண்டது அதிசயம். அவர்கள் இல்லாத நேரத்தில் ஃப்ராம் பனியோடு மிதந்தே ஏறக்குறைய 86 டிகிரியை எட்டியிருந்தது. நடந்த உச்சிக்கும் மிதந்த உச்சிக்கும் அரை டிகிரிகூட வித்தியாசமில்லை.

ஸ்வெர்ட்ரப் தன்னோடு இருந்த மற்றப் பத்துப் பேரையும் சண்டை சச்சரவு முற்றாமல், வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய் அண்டாமல், அளவெடுக்கும் வேலை நிற்காமல் காப்பாற்றிக்கொண்டு வந்தார். 1896 ஆகஸ்ட் 13 அன்று ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுக்கு அருகே பனியை விட்டுக் கப்பல் வெளியேறியது. அதே நாளில்தான் நான்செனும் யோஹான்செனும் வேறொரு கப்பலில் நார்வேயின் வார்டோ துறையில் வந்து இறங்கினார்கள். ஒருவர் இருக்கும் இடம் மற்றவருக்குத் தெரியாது. 13 பேரும் வீடு திரும்பினார்கள்.

அமுண்ட்சென் பயணத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1911 டிசம்பர் 14 மறக்க முடியாத நாள். ஆனால் அங்கே ஃப்ராமின் வேலை ஆட்களையும் நூறு நாய்களையும் அண்டார்க்டிகாவின் திமிங்கல விரிகுடா வரை சுமந்து போவது. அதை வேறு கப்பலும் செய்திருக்கும். முதல் பயணத்தை வேறு எந்தக் கப்பலாலும் செய்திருக்க முடியாது.

நடுவில் நடந்த இரண்டாம் பயணத்தை நீங்களும் குறிப்பிடவில்லை. வழக்கமாக யாரும் குறிப்பிடுவதில்லை. 1898 முதல் 1902 வரை ஸ்வெர்ட்ரப் தலைமையில் கனடாவின் வடகோடியில் உள்ள எல்ஸ்மியர் தீவை ஒட்டிய பகுதிகளை வரைந்தார்கள். இருவர் இறந்துபோனார்கள். புதிதாக வரைபடத்தில் ஏறிய நிலம் சுமார் இரண்டரை லட்சம் சதுர கிலோமீட்டர். கனடா அந்த வரைபடங்களுக்கு 67,000 டாலர் கொடுத்தது, 1930இல். அந்த வருடமே ஸ்வெர்ட்ரப் இறந்தார்.

கடைசி வருடங்களில் அவர் ஃப்ராமைக் காப்பாற்ற அலைந்துகொண்டிருந்தார். கப்பல் அப்போது துறைமுகத்தில் கிடந்து உளுத்துக்கொண்டிருந்தது. 1936இல் ஓஸ்லோவில் கப்பலைச் சுற்றியே அருங்காட்சியகம் எழுப்பித் திறந்தார்கள். இன்றைக்கும் மேல்தளத்தில் ஏறலாம், கீழே இறங்கி அவர்கள் படுத்திருந்த அறைகளைப் பார்க்கலாம். போனால் ஸ்வெர்ட்ரப்பின் அறை எது என்று கேளுங்கள்.

அன்புடன்.