குரூப் சாட்டுல பிள்ளைங்க சேர்ந்து படிக்கிறாங்களா, இல்ல ஆன்சர் மட்டும் கைமாறுதா?

கேள்வி: மும்பை தாராவியில பத்தாவது பிள்ளைங்களுக்கு கணக்கு டியூஷன் எடுக்கிறேன், கூடவே எம்.எட். பண்றேன். எங்க வாட்ஸ்அப் குரூப்ல பிள்ளைங்க நைட்டு டவுட் கேட்டு பேசிக்கிறத வச்சே டெசர்டேஷன் பண்ணச் சொல்றாங்க கைடு. யார் எத்தனை மெசேஜ் போட்டாங்கன்னு எண்ணி சார்ட் போட்டாச்சு. ஆனா அத வச்சு சேர்ந்து படிக்கிறாங்கன்னு எப்படி சொல்றது? பாதிப்பேர் வாயே திறக்கிறதில்ல. பேர எடுத்துட்டு ஒரு துண்டு அனுப்பியிருக்கேன்.

பதில்:

அந்த சார்ட்ட ஓரமா வைங்க. யாருக்கு கை சும்மா இருக்காது, யார் கையில போன் இருக்கு, இந்த ரெண்டத் தவிர அது வேற எதுவும் சொல்லாது. அதுவும் தாராவியில ஒரு நம்பர்னா ஒரு ஆளுன்னு நினைக்கவே கூடாது, அம்மா வேலைக்குப் போய்ட்டு வந்தப்புறம்தான் போன் கிடைக்கும், அதையும் அண்ணனும் தங்கச்சியும் மாத்தி மாத்தி யூஸ் பண்ணுவாங்க. அதனால முதல் வேலையா எந்த நம்பர் யார் யார் கையில இருக்குன்னு பிள்ளைங்ககிட்டயே கேட்டு எழுதி வைங்க.

இப்போ நீங்க அனுப்பின துண்டுக்கு வருவோம். 360 கிலோமீட்டர் போற ரயில், ஸ்பீட் 5 கூட இருந்தா 1 மணி நேரம் முன்னாடி போயிருக்கும், ஸ்பீட் என்ன, அந்த எல்லாரும் போடுற கணக்கு தான். ம-ன்னா மாணவர்.

9:12 ம4: மிஸ் 5வது சம் ரூட்டுக்குள்ள மைனஸ் வருது
9:13 ம11: எனக்கு 40
9:13 ம2: நாளைக்கு கிளாஸ் இருக்கா
9:14 ம4: எப்டி டா
9:15 ம11: போட்டோ
9:17 ம4: நா 360/(எக்ஸ்+5) − 360/எக்ஸ் = 1 போட்டேன்
9:19 ம7: அரே ஸ்பீட் ஜாஸ்தினா டைம் கம்மி தானே, நீ சின்னதுலேந்து பெருச கழிக்கிற
9:20 ம4: அச்சா அச்சா
9:24 ம4: −45ம் வருது
9:24 ம7: ட்ரெயின் மைனஸ்ல ஓடுமா பாய்
9:26 மிஸ்: குட். 40 கரெக்ட்

உங்க சார்ட்ல ம4 தான் ஹீரோ, 5 மெசேஜ். ம7 வெறும் 2. ஆனா இந்தப் பேச்சே திரும்புற இடம் ம7 போட்ட அந்த 9:19 மெசேஜ் தான். ம11 கரெக்ட் ஆன்சர சொன்னான், போட்டோவும் போட்டான், ஆனா ம4-க்கு அதுல ஒண்ணும் ஏறல, அதனாலதான் போட்டோ வந்து 2 நிமிஷம் கழிச்சு தான் போட்ட ஈக்வேஷன எடுத்து வெளிய வைக்கிறா. அப்படி வச்சதாலதான் ம7-க்கு தப்பு கண்ணுல பட்டுச்சு. அவ போட்ட மாதிரி போட்டா எக்ஸ் ஸ்கொயர் + 5எக்ஸ் + 1800 = 0-ன்னு வரும், ரூட்டுக்குள்ள மைனஸ் வராம என்ன செய்யும்? ம7 அந்தக் கணக்க போட்டுக் காட்டல, காரணத்த சொன்னான்.

அடுத்தது 9:20, "அச்சா அச்சா". நிறைய பேர் இத பார்த்ததும் "புரிந்துகொண்டார்"னு கோடு (code, அதாவது மெசேஜுக்கு ஒரு வகைப் பேரு) போட்டுடுவாங்க. நான் போட மாட்டேன், மும்பையில "அச்சா"வுக்கு "சரி விடு"ங்கிற அர்த்தமும் இருக்கே. ஆனா 9:24-ல "−45ம் வருது"ன்னு வருது பாருங்க, அதுதான் ஆதாரம், ஏன்னா ஈக்வேஷன திருப்பிப் போட்டு, திரும்ப பண்ணி, ரெண்டு ரூட்டும் கண்டுபிடிச்சாதான் அந்த −45 கிடைக்கும். நடுவுல 4 நிமிஷம் சத்தமே இல்ல, அந்த நேரம் அவ நோட்டுல போட்டுட்டிருந்தா. சாட்ல மௌனமும் டேட்டா தான், டைம் எழுதின காலத்த (column) தூக்கிப் போட்டுடாதீங்க.

அதனால நீங்க எண்ண வேண்டியது ஆள இல்ல, மெசேஜையும் இல்ல. ஒரு மெசேஜ் அதுக்கு முன்னாடி வந்தத என்ன பண்ணுதுன்னு பாருங்க, கேள்விய திறக்குதா, மறுக்குதா, காரணம் கேக்குதா, வச்சு சோதிக்குதா, இல்ல பேசாம மூடிடுதா. ஆன்லைன்ல சேர்ந்து படிக்கிறத ஆராயுற இந்தத் துறையில ஜெர்ரி ஸ்டால்னு ஒருத்தர், அமெரிக்காவுல ட்ரெக்சல் யுனிவர்சிட்டியில இருந்தவர், பசங்கள சாட்லயே கணக்கு போட வச்சு வரி வரியா இப்படித்தான் படிச்சாரு. எந்தத் தனி ஆளும் முழுசா போடாத கணக்க குரூப்பா போட்டு முடிக்கிறாங்க, அப்போ கத்துக்கிட்டது யாருன்னு தனி ஆளுகிட்ட தேடினா கிடைக்காதுங்கிறது அவரோட வாதம். உங்க துண்டுலயே தப்பக் காட்டினது ம7, −45 கொண்டு வந்தது ம4, அத வேணாம்னு தள்ளினது திரும்ப ம7.

கைடுக்கு ஒரு ஃப்ரேம்வொர்க் வேணும்ல, 1997-ல குணவர்தனா, லோ, ஆண்டர்சன்னு மூணு ஆராய்ச்சியாளர்கள் குடுத்த 5 கட்டத்த எடுத்துக்கோங்க. தெரிஞ்சத பகிர்றது, முரண்பாடு கண்ணுல படுறது, பேசிப் பேசி அர்த்தத்த சேர்ந்து கட்டுறது, அத சோதிக்கிறது, கடைசியா ஒத்துக்கிட்டு வேற இடத்துல பயன்படுத்துறது. உங்க துண்டு நாலாவது வரைக்கும் வந்துடுச்சு, மைனஸ் ஸ்பீட தள்ளினது சோதனை தான். அஞ்சாவது இல்ல. அது பெரியவங்க நடத்தின ஆன்லைன் விவாதத்த வச்சு பண்ணினது, அதனால வாட்ஸ்அப்ல எல்லாம் வரிசையா வரும்னு எதிர்பார்க்காதீங்க, பெரும்பாலான நாள் முதல் கட்டத்துலயே நின்னுடும், அப்படி நின்னா அதையும் எழுதுங்க, அது தோல்வி இல்ல, ரிசல்ட்.

நடுவுல ம2 "கிளாஸ் இருக்கா"ன்னு கேட்டான் பாருங்க, க்ரூப் சாட்ல இது எப்பவும் நடக்கும், ரெண்டு மூணு பேச்சு பின்னிப்பிணைஞ்சு ஓடும், கேள்விக்கு அடுத்த வரியில பதில் இருக்காது. மொழியியல் ஆராய்ச்சியாளர் சூசன் ஹெரிங் 1999-லயே இதப் பத்தி எழுதிட்டாங்க. அதனால கோடு போடுறதுக்கு முன்னாடி எந்த மெசேஜ் எதுக்கு பதில்னு தனியா ஒரு காலம் (column) போட்டு பேச்சு நூல பிரிங்க. இதுல ஒரு சிக்கல் இருக்கு. வாட்ஸ்அப்ல எக்ஸ்போர்ட் பண்ற டெக்ஸ்ட் ஃபைல்ல, யார் எந்த மெசேஜ ஸ்வைப் பண்ணி ரிப்ளை பண்ணாங்கங்கிறது வராது, 👍 ரியாக்ஷனும் வராது. போன்ல குரூப்ப திறந்து வச்சுக்கிட்டு பக்கத்துல பார்த்துப் பார்த்து எழுதினாதான் உண்டு. போட்டோவும் முக்கியம், உங்க பிள்ளைங்க பாதி கணக்க நோட்டப் படம் பிடிச்சுதான் பேசுறாங்க. ஆனா மீடியாவோட எடுத்தா கடைசி 10,000 மெசேஜ் தான் வரும், இல்லாம எடுத்தா 40,000. மாசாமாசம் எடுத்து வச்சுடுங்க.

சாஃப்ட்வேர்ல போட்டு வார்த்தைய எண்ணலாமான்னு அடுத்து கேப்பீங்க. உங்க பிள்ளைங்க ஒரே விஷயத்த "புரியல", "புரில", "சமஜ் நஹி ஆயா", "குச் நஹி சமஜா"ன்னு நாலு விதமா அடிப்பாங்க, அதுவும் இங்கிலீஷ் எழுத்துல, அவனவன் ஸ்பெல்லிங்ல. மெஷின் அத நாலு தனி வார்த்தையா எண்ணி வைக்கும். ஏஐ-கிட்ட குடுத்து கோடு போட வைக்கிற ஐடியாவ விட்டுடுங்க, சின்னப் பிள்ளைங்க பேச்ச வெளி சர்வர்ல ஏத்தாதீங்க.

கையாலதான் போடணும், ரெண்டு பேரு போடணும். கூடப் படிக்கிற ஒருத்தர பிடிச்சு 100 மெசேஜ ரெண்டு பேரும் தனித்தனியா கோடு பண்ணுங்க, அப்புறம் ஒப்பிடுங்க. 80-ல ஒத்துப்போச்சுன்னா சூப்பர்னு தோணும், ஆனா சும்மா கண்ண மூடிட்டு போட்டாலும் கொஞ்சம் ஒத்துப்போகும்ல? படிப்பு, படிப்பு இல்லாததுன்னு ரெண்டே வகை வச்சு, ரெண்டு பேரும் 70-ஐ படிப்புன்னு போட்டிருந்தா, தற்செயலாவே 58 (0.7×0.7 + 0.3×0.3 = 0.58) ஒத்துப்போகும். அத கழிச்சுட்டு பார்க்கிறதுதான் கோஹென் கப்பா, இங்க 80-லேந்து 58 போக 22, அத 42-ஆல (100-லேந்து 58 போக மீதி) வகுத்தா 0.52. சுமார் தான். எங்க ஒத்துப்போகலையோ அந்த மெசேஜ எடுத்து வச்சு சண்டை போடுங்க, அந்தச் சண்டையிலதான் எதுக்கு எந்தக் கோடுன்னு எழுதி வச்ச உங்க கோடுபுக் சரியாகும். 0.6-க்கு மேல வந்தா மீதிய தைரியமா போடலாம்.

வாய் திறக்காத பாதிப்பேரு. அவங்க படிக்கலன்னு சொல்ல சாட்ல எந்த ஆதாரமும் இல்ல, படிச்சாங்கன்னும் இல்ல. பார்த்துட்டு நோட்டுல போட்டிருக்கலாம், அதே சந்துல எதிர் வீட்டுல உக்காந்து வாயாலயே பேசி முடிச்சிருக்கலாம். அதனால மறுநாள் டியூஷன்ல அதே மாதிரி ஒரு கணக்க, ரயில எடுத்துட்டு படகு போட்டு, எல்லாருக்கும் தனித்தனியா பேப்பர்ல குடுங்க. 9:19 மெசேஜ பார்த்தியான்னும் கேளுங்க. அந்த விடுபட்ட அஞ்சாவது கட்டமும் இங்கதான் தெரியும்.

இன்னொன்னு, கசப்பா இருந்தாலும் சொல்லிடறேன். 9:26-க்கு அப்புறம் உங்க துண்டுல ஒண்ணுமே இல்ல. "குட். 40 கரெக்ட்"னு மிஸ் சொன்னதும் கடைய மூடிட்டாங்க. −45-ஐ ஏன் தள்ளணும்னு அங்க ஒரு நல்ல சண்டை வந்திருக்கும். நீங்க பேசின ஒவ்வொரு இடத்துக்கும் அப்புறம் என்ன ஆகுதுன்னு தனியா ஒரு டேபிள் போடுங்க, என்னக் கேட்டா டெசர்டேஷன்லயே அதுதான் பெஸ்ட் சாப்டரா வரும்.

இதெல்லாம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பெர்மிஷன். 2023 டேட்டா பாதுகாப்பு சட்டத்துல 18 வயசுக்குக் கீழ எல்லாருமே குழந்தைதான், ரிசர்ச்சுக்கு அதுல சில விலக்கு இருந்தாலும் அத நம்பி உக்காராதீங்க, அப்பா அம்மா கையெழுத்து வாங்குங்க, தமிழ்ல ஒரு பக்கம் எழுதி வீட்ல படிச்சுக் காட்டி. பிள்ளைங்ககிட்டயும் தனியா கேளுங்க, மிஸ் கேட்டா யாரும் மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க, அதனால வேற யாராவது கேட்டா நல்லது. ஒருத்தர் வேண்டாம்னா அவங்க மெசேஜ் முழுசா வெளிய, "ஒரு மாணவர் பதில் சொன்னார்"னு கூட எழுதாதீங்க. ம4, ம7-ன்னு பேர மாத்தினது சரிதான், ஆனா அந்தப் போட்டோல நோட்டு ஓரத்துல பேரும் ஸ்கூல் பேரும் இருக்கும், அதையும் மறைச்சுடுங்க.