சுகெட்டோ வேண்டுமா, வேண்டாமா: ஒசாகாவுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, நீங்கள் எழுதியதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். ஒசாகா வந்து ஏழு மாதம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அலுவலகத்தில் ஒரே பேச்சு: இந்தப் பக்கத்து பேஸ்பால் அணியான ஹான்ஷின் டைகர்ஸ் வெளிநாட்டிலிருந்து ஒரு அதிரடி பேட்டரைக் கொண்டுவர வேண்டுமா, வேண்டாமா. ஒருவர், "அவங்க இங்கே பழகுறதுக்குள்ள சீசன் முடிஞ்சிடும்" என்றார். சொன்ன கையோடு உங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குனிந்து தன் பென்டோ சாப்பாட்டு டப்பாவுக்குள் போய்விட்டார். கிரிக்கெட் தவிர எதுவும் தெரியாத நீங்கள் சிரித்து மழுப்பிவிட்டு வந்து, "அண்ணா, அவங்க பேசுறது பேஸ்பாலா, என்னைப் பத்தியா?" என்று கேட்கிறீர்கள்.

பேஸ்பால்தான். நூற்றுக்குத் தொண்ணூறு அதுதான். மீதிப் பத்துக்குப் பிறகு வருகிறேன்.

இந்தக் குளிர்கால அரட்டைக்கு இங்கே 'ஸ்டோவ் லீக்' என்று பெயர். ஆட்டம் இல்லாத மாதங்களில் ஸ்டோவைச் சுற்றி உட்கார்ந்து, யாரை வாங்கலாம், யாரை விடலாம் என்று பேசுவது. நம் ஊரில் ஏலத்துக்கு முந்தைய வாரம் டீக்கடையில் நடக்குமே, அதே கூத்து. ஒசாகாவைச் சுற்றியுள்ள இந்தக் கன்சாய் பக்கத்தில் மட்டும் அது கொஞ்சம் முற்றிய நிலையில் இருக்கும். நான் இருக்கும் அமகாசாகியின் கடைத்தெருவில், சீசன் தொடங்கும்போதே டைகர்ஸ் கோப்பைக்கு இன்னும் எத்தனை வெற்றி வேண்டும் என்று பலகை மாட்டிவிடுவார்கள். ஒரு ஆட்டம்கூட முடிந்திருக்காது. அப்படிப்பட்ட ஊருக்குத்தான் வந்திருக்கிறீர்கள்.

விதியைத் தெரிந்துகொண்டால் பாதிச் சண்டை புரிந்துவிடும். ஐபிஎல்லில் பதினொரு பேரில் நான்கு வெளிநாட்டவர்தான் ஆடலாம் என்பது நமக்குத் தெரியும். இங்கும் ஏறக்குறைய அதே கணக்கு. எத்தனை பேரை வேண்டுமானாலும் ஒப்பந்தம் போட்டு வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஒரு ஆட்டத்துக்கு பெஞ்சில் வைக்க முடிந்தது நான்கு பேரைத்தான். பிட்சர்களும், அதாவது பந்து வீசுபவர்களும், அந்த நான்குக்குள் அடக்கம். பேட்டர் ஒருவர் வந்தால் பிட்சர் ஒருவரின் இடம் போகும். அப்படி வருபவருக்கு ரசிகர்கள் வைத்திருக்கும் பெயர் சுகெட்டோ. கூலிக்கு ஆடுபவர் என்று அர்த்தமில்லை. அடிதடியில் நம் பக்கம் கைகொடுக்க வந்த ஆள் என்பதுதான் பழைய பொருள். மரியாதையான சொல்தான். கைகொடுக்க வந்தவர் கைகொடுக்காமல் போனால் எவ்வளவு திட்டு விழும் என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது.

இந்த வருஷம் "வேண்டாம்" கட்சிக்குக் குரல் ஓங்கியிருக்கக் காரணம் உண்டு. இங்கே அணிகள் இரண்டு லீக்காகப் பிரிந்து ஆடும், கடைசியில் லீக்குக்கு ஓர் அணியாக மோதுவதுதான் ஜப்பான் சீரிஸ். 2025ல் டைகர்ஸ் செப்டம்பர் 7ஆம் தேதியே தன் லீக்கை வென்றுவிட்டது. இரண்டு லீக் முறை வந்த பிறகு இவ்வளவு சீக்கிரம் யாரும் வென்றதில்லை. அதுவும் பெரும்பாலும் உள்ளூர்ப் பிள்ளைகளை வைத்தே. 40 ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) அடித்த சாத்தோ தெருஅகி, டைகர்ஸின் கோஷியென் மைதானம் இருக்கிற நிஷினோமியாவிலேயே பிறந்தவர். "நம்ம பசங்களே அடிக்கிறாங்க, எதுக்கு வெளியாள்?" என்பது அவர்கள் வாதம். "அதான் ஜப்பான் சீரிஸில் அந்த லீக்கின் சாஃப்ட்பேங்க்கிடம் ஒன்றுக்கு நாலு என்று உதைபட்டு வந்தோமே" என்பது எதிர்க்கட்சி. இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒரே டைகர்ஸ் துண்டைத்தான் வைத்திருப்பார்கள்.

இதில் நீங்கள் வாய் திறக்க வேண்டுமென்றால் ஒரே ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள்: ஹமகாசே. கடற்காற்று. கோஷியென் கடலுக்குப் பக்கம். மைதானத்தில் வலதுபுறத்திலிருந்து இடதுபுறமாக அந்தக் காற்று வீசும். இடக்கை பேட்டர் முழு பலத்தோடு வலது பக்கம் தூக்கி அடித்த பந்து ஹோம் ரன் என்று எல்லோரும் எழுந்து நிற்கும்போது, காற்று அதை மெதுவாகத் தள்ளிக்கொண்டு வந்து ஃபீல்டரின் கையில் போட்டுவிடும். நான் நேரில் பார்த்திருக்கிறேன். கையில் இருந்த பீர் சிந்தியதுதான் மிச்சம். முன்பு 'லக்கி ஸோன்' என்று வேலியை உள்ளே தள்ளிப் போட்டு பேட்டர்களுக்கு உதவினார்கள். 1947ல் வந்தது, 1991 சீசனோடு எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு, வேறு நாட்டில் முப்பது அடித்தார், நாற்பது அடித்தார் என்று யாரையாவது காட்டினால், பழைய ரசிகர் கேட்கும் முதல் கேள்வி: "வலக்கையா, இடக்கையா?"

சாத்தோ இடக்கையர்தானே என்று நீங்கள் மடக்கலாம். நானும் மடக்கினேன். "அது அவனுக்குச் சொந்த ஊர்க் காற்று" என்று என் எதிர் இருக்கைக்காரர் சொல்லிவிட்டார். ரசிகனிடம் தர்க்கம் எடுபடாது, தம்பி.

காற்றை வென்ற வெளிநாட்டவர் ஒருவர் உண்டு. அவர் பெயரைத் தெரிந்துகொள்ளாமல் ஒசாகாவில் குடியிருக்கக் கூடாது. ராண்டி பாஸ், அமெரிக்காவின் ஓக்லஹோமாக்காரர், இடக்கை பேட்டர். காற்றோடு மல்லுக்கட்டாமல், அது போகும் திசையிலேயே, இடது பக்கமாகப் பந்தை அனுப்பப் பழகிக்கொண்டார். 1985ல் 54 ஹோம் ரன், சராசரி .350 (ஆயிரம் வாய்ப்புக்கு 350 ஹிட் என்ற கணக்கு), அந்த வருஷம் டைகர்ஸுக்கு முதல் ஜப்பான் சீரிஸ் கோப்பை. அடுத்த வருஷம் .389, அந்தச் சாதனையை இன்றுவரை யாரும் தொடவில்லை. 1985ல் லீக்கை வென்ற அன்று ஒசாகாவின் டோட்டன்போரி பாலத்தில் கூடிய கூட்டம், ஒவ்வொரு ஆட்டக்காரரின் சாயலிலும் ஒரு ரசிகரைத் தேர்ந்தெடுத்துக் கால்வாயில் குதிக்கவிட்டதாம். பாஸ் முறை வந்தபோது அந்தச் சாயலில் ஒருவரும் இல்லை. பக்கத்து கேஎஃப்சி வாசலில் நின்ற தாடிக்காரக் கர்னல் சிலையைத் தூக்கித் தண்ணீரில் போட்டார்கள். பிறகு பல வருஷம் கோப்பை வராததற்குக் கர்னலின் சாபமே காரணம் என்று பேச்சு. 2009ல் சிலையைக் கண்டெடுத்தார்கள், கோப்பை அப்போதும் வரவில்லை.

வந்தது 2023 நவம்பர் 5ல், 38 வருஷம் கழித்து. ஏழாவது ஆட்டத்தில் முதல் அடி யாருடையது என்கிறீர்கள்? ஷெல்டன் நோய்சி, அமெரிக்கர், மூன்று ரன் தந்த ஹோம் ரன். என் எதிர் இருக்கைக்காரர் அந்த வருஷம் முழுக்க அவரைத் திட்டித் தீர்த்தவர். மறுநாள் கண் வீங்கி வந்து, "நோய்சிக்கு மன்னிப்புக் கடிதம் எழுதணும்" என்றார். 2024 முடிந்ததும் அணி நோய்சியை விடுவித்தது. கடிதம் எழுதினாரா என்று நான் கேட்கவில்லை.

"பழகமாட்டாங்க" என்பவர் கையிலும் பட்டியல் உண்டு, அதையும் மறுக்க முடியாது. மைக் கிரீன்வெல் 1997ல் பெரிய பெயரோடு வந்து ஏழே ஆட்டம் ஆடி, காலில் பந்து பட்டு எலும்பு முறிந்து, விளையாட்டையே விட்டுப் போனார். கொரியாவில் ஒரே சீசனில் 37 ஹோம் ரன் அடித்த வில்லின் ரொசாரியோ 2018ல் இங்கே எட்டோடு நின்றார். எதிர்ப்பக்கம் செசில் ஃபீல்டர்: 1989ல் டைகர்ஸுக்கு 38 அடித்தார், அடுத்த வருஷமே அமெரிக்காவின் டெட்ராய்ட் அணிக்குப் போய் 51 அடித்தார். ஒரு வருஷத்தில் ஆளை எடைபோட்டுவிட முடியாது என்பதற்கு இவர்கள் எல்லோரும் சாட்சி. எந்தப் பக்கத்துக்குச் சாட்சி என்பது பேசுபவரைப் பொறுத்தது.

இப்போது அந்தப் பத்துக்கு வருகிறேன்.

1985ல் பாஸ் 54ல் நின்றதற்கு ஒரு கதை உண்டு. அப்போது சாதனை 55, 1964ல் ஓ சதஹாரு அடித்தது. சீசனின் கடைசி ஆட்டம் டோக்கியோவின் ஜயன்ட்ஸ் அணியோடு. ஜயன்ட்ஸ் மேனேஜர், அதாவது கோச், யார்? அதே ஓ. அவருடைய பிட்சர்கள் பாஸுக்கு அடிக்கும்படி பந்தே போடாமல், அவரைச் சும்மா முதல் தளத்துக்கு நடக்கவிட்டார்கள். ஓ சொல்லி நடந்தது என்று நான் சொல்லமாட்டேன். பிறகு டஃபி ரோட்ஸ், அலெக்ஸ் கப்ரேரா என்ற இரண்டு வெளிநாட்டவரும் 55ஐத் தொட்டார்கள், தாண்ட விடவில்லை. ஆனால் ஓ யார்? டோக்கியோவில் பிறந்தவர், தந்தை சீனர், கையில் தைவான் பாஸ்போர்ட். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது தேசிய விளையாட்டு விழாவில் ஆட அவரை அனுமதிக்கவில்லை, குடியுரிமைதான் காரணம். 868 ஹோம் ரன் அடித்து இந்த நாட்டின் பெருமையாகிவிட்ட மனிதர். வெளியாள் யார், உள்ளாள் யார் என்று இங்கே கோடு போட உட்கார்ந்தால் முதல் கோடே கோணலாகிவிடும்.

கடைசியில் 2013ல் யாகுல்ட் அணியின் பலெந்தியன் 55ஐத் தாண்டி அறுபதுக்குப் போனார். கரிபியன் கடலின் குராசோ தீவுக்காரர். 56ஆவது யார் பந்தில்? நம் டைகர்ஸ் பிட்சர் பந்தில்தான். அன்றைக்கு நான் ஒரு ராமென் கடையில் டிவி முன்னால் இருந்தேன். முதலில் "ச்சே" என்று ஒரு முனகல். பிறகு ஒருவர் கைதட்டினார், பிறகு கடை முழுக்கத் தட்டியது. நான் ஜப்பான் வந்து அப்போது இரண்டு வருஷம். அன்று ராத்திரி வீட்டுக்குப் போகும்போது காரணமே இல்லாமல் மனசு லேசாக இருந்தது.

அந்த லேசு தேவைப்பட்ட நேரம் அது. முதல் கம்பெனியில் என்னை ஏப்ரலில் சேர்த்துக்கொண்டு ஜூலையிலேயே "இங்கத்திய முறைக்கு நீங்கள் பழகவில்லை" என்று ஓரங்கட்டிவிட்டிருந்தார்கள். என்ன முறை, எங்கே தப்பு என்று யாரும் சொல்லித்தரவில்லை. ஆகவே "பழகுறதுக்குள்ள சீசன் முடிஞ்சிடும்" என்ற வாக்கியம் உங்களுக்கு ஏன் சுருக்கென்று தைத்தது என்று எனக்குத் தெரியும். சாப்பாட்டு மேசையில் பேட்டரைப் பற்றிச் சொல்கிற அதே வாக்கியத்தை மீட்டிங் ரூமில் ஆளைப் பற்றியும் சொல்வார்கள். அதை இல்லை என்று உங்களுக்கு நான் பூசி மெழுகவில்லை. ஆனால் உங்கள் அலுவலகத்துக்காரர் குனிந்துகொண்டாரே, அது கேலி இல்லை. வாய் தவறி வந்துவிட்டதை உணர்ந்த கூச்சம். கேலி செய்பவர் குனியமாட்டார்.

இன்னொரு விதியும் சொல்கிறேன். எட்டு சீசன் அளவுக்கு ஆடி விரும்பிய அணிக்குப் போகும் ஃப்ரீ ஏஜென்ட் உரிமை பெற்றுவிட்டால், அடுத்த சீசனிலிருந்து வெளிநாட்டு ஆட்டக்காரர் அந்த நான்கு பேர் கணக்கில் வரமாட்டார். ஜப்பானியராகவே எண்ணுவார்கள். வெனிசுவேலாவின் அலெக்ஸ் ரமிரெஸ் அப்படித்தான் கணக்கிலிருந்து வெளியே வந்தார். 2000 ஹிட் அடித்தார், யோகோஹாமா அணிக்கு மேனேஜர் ஆனார், 2019ல் குடியுரிமையும் வாங்கினார். நமக்கு நிரந்தர வதிவிட உரிமைக்குப் பொதுவாகப் பத்து வருஷம். பேஸ்பால்காரர்களுக்கு இரண்டு வருஷம் சலுகை என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. குடிவரவு அலுவலக வரிசையில் நின்று பார்த்தவர்கள் மட்டும் சிரிப்பார்கள்.

மறுபடி அந்தப் பேச்சு வரும்போது சிரித்து மழுப்பாதீர்கள். ஒரு கட்சி சேருங்கள். எதுவானாலும் சரி, கட்சி இல்லாதவனைத்தான் இங்கே விருந்தாளியாக வைத்திருப்பார்கள். என் கட்சி இது: இடது அவுட்ஃபீல்டுக்கு நிலையான ஆள் இல்லை, ஆகவே அங்கே நின்று ஆடக்கூடிய வலக்கை பேட்டர் ஒருவரை எடுக்கலாம், எடுத்தால் மே மாதத்திலேயே இரண்டாம் அணிக்கு அனுப்பாமல் ஆகஸ்ட் வரை பொறுக்க வேண்டும். இதைக் கடன் வாங்கிக்கொள்ளலாம். எதிர்த்தால் ஷேன் வாட்சன் கதையைச் சொல்லுங்கள்: 2019 இறுதியாட்டத்தில் முழங்கால் ரத்தம் பேண்ட்டில் ஊற ஊற 80 ரன் அடித்தார், சென்னை ஒரே ரன்னில் தோற்றது, இன்றைக்கும் அவரைத் திட்ட ஒரு சென்னைக்காரருக்கும் மனசு வராது. நான் சொன்னபோது எதிர் இருக்கைக்காரர் சாப்ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டு, "அந்த ஆள் வலக்கையா, இடக்கையா?" என்று கேட்டார்.

ஏப்ரலில் கோஷியெனுக்கு வாருங்கள். உமேதாவில் ஹான்ஷின் எக்ஸ்பிரஸ் பிடித்தால் கால் மணி நேரம்தான். வலது அவுட்ஃபீல்ட் பக்கம் டிக்கெட் எடுக்கிறேன், கத்துகிற கூட்டம் அங்கேதான். குடை வேண்டாம், இருக்கையில் விரிக்க விடமாட்டார்கள், மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கறிச்சோறு பிரபலம், ஆனால் அதில் மாட்டிறைச்சி இருக்கும். நீங்கள் சைவம் என்று எழுதியிருந்தீர்கள், எலுமிச்சைச் சோறு நான் கொண்டுவருகிறேன். அந்தக் குனிந்தவரையும் கூட்டிவர முடியுமா என்று பாருங்கள்.