சிகரெட் பிடித்தால் டென்ஷன் குறைவது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 38. பன்னிரண்டு ஆண்டுகளாகத் தினமும் பத்து சிகரெட் பிடிக்கிறேன். காலையில் டீயுடன் ஒன்று பிடித்தால்தான் மனம் நிதானத்துக்கு வருகிறது. இருமுறை நிறுத்தியும், மூன்றாம் நாள் எரிச்சல் தாங்காமல் மீண்டும் தொடங்கிவிட்டேன். டென்ஷனைக் குறைக்கும் சிகரெட்டை விட்டால் மனநிலை கெட்டுவிடாதா?

பதில்: நீங்கள் உணரும் நிதானம் பொய்யல்ல, ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். புகையை இழுத்த 10 முதல் 20 வினாடிகளுக்குள் புகையிலையிலுள்ள நிகோடின் மூளையை அடைந்து, அசிட்டைல்கோலின் என்ற இயற்கையான வேதிப்பொருளுக்கு உரிய ஏற்பிகளில் (மூளைச் செல்களில் அது வந்து பொருந்தும் இடங்களில்) அமர்ந்துகொண்டு, இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமைனைச் சுரக்கச் செய்கிறது. நாள்தோறும் இது நடக்கும் மூளையில் அந்த ஏற்பிகளின் எண்ணிக்கையும் பெருகிவிடுகிறது. ரத்தத்திலுள்ள நிகோடின் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைவதால், விடியும்போது அவற்றில் பெரும்பாலானவை வெறுமையாகக் கிடக்கின்றன. அந்தப் பற்றாக்குறைதான் எரிச்சலாகவும் பதற்றமாகவும் கவனச் சிதறலாகவும் வெளிப்படுகிறது. டீக்கடையில் பற்றவைக்கும் முதல் சிகரெட் தணிப்பது, நேற்றைய சிகரெட்டுகள் உண்டாக்கிய தவிப்பையே.

அதே நேரத்தில் உடல் அமைதியாக இருப்பதில்லை. நிகோடின் அட்ரினலின் என்ற ஹார்மோனைத் தூண்டி, ரத்தக்குழாய்களைச் சுருக்கி, ரத்த அழுத்தத்தை உயர்த்துகிறது. புகைப்பதற்கு முன்பும் முடித்த உடனேயும் மணிக்கட்டில் ஒரு நிமிடம் நாடியை எண்ணிப் பாருங்கள். இரண்டாவது எண்ணிக்கை கூடியிருப்பதைப் பெரும்பாலும் காண்பீர்கள். புற்றுநோய்க்கு முதன்மைக் காரணம் புகையிலுள்ள தார் என்ற ஒட்டும் கரும்பொருள்தான் என்றாலும், அந்தப் புகையை நாள் தவறாமல் தேடவைப்பது நிகோடின்.

நிறுத்திய இரண்டாம், மூன்றாம் நாட்களில்தான் தவிப்பு உச்சத்தை எட்டும். பிறகு இரண்டு முதல் நான்கு வாரங்களில் படிப்படியாக அடங்கும். இருமுறையும் நீங்கள் மிகக் கடினமான நாளைத் தொட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறீர்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. விட்டவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில், சில வாரங்களுக்குப் பிறகு பதற்றமும் மனச்சோர்வும் முன்பைவிடக் குறைந்தே காணப்பட்டன.

இம்முறை நிகோடின் சூயிங்கத்தின் உதவியுடன் தொடங்குங்கள். அதைச் சாதாரண சூயிங்கம் போல மென்றுகொண்டே இருக்கக் கூடாது. காரம் தெரியும்வரை மெதுவாக மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் ஒதுக்கிவைத்து, காரம் அடங்கியதும் மீண்டும் மெல்ல வேண்டும். எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட் தேவைப்படுபவராக இருந்தால் 2 மி.கி. போதாமல் போகலாம், 4 மி.கி. வேண்டுமா என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். இதய நோய் இருந்தாலும், மனநல மருந்துகள் எடுத்துக்கொண்டாலும் அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று டீ. சூயிங்கத்துக்குப் பதினைந்து நிமிடம் முன்பிருந்தே டீ, காபி குடிக்க வேண்டாம். குடித்தால் வாயில் நிகோடின் சரியாக உறிஞ்சப்படாது. மேலும், சிகரெட் புகை கல்லீரலைத் தூண்டி, டீ, காபியிலுள்ள கஃபீனை வேகமாக வெளியேற்றுகிறது. புகைப்பதை நிறுத்தியதும் அதே இரண்டு டம்ளர் டீ கூடுதல் படபடப்பைத் தரும், அதையும் நிகோடின் ஏக்கம் என்றே எண்ணிவிடுவீர்கள். எனவே நிறுத்தும் நாளிலேயே டீயையும் பாதியாகக் குறையுங்கள். மூன்றாம் நாள் மனம் தடுமாறினால், 1800-11-2356 என்ற தேசியப் புகையிலை கைவிடுதல் உதவி எண்ணைக் கட்டணமின்றி அழைத்துப் பேசலாம்.