வீட்டைத் தந்தவர்

அன்புள்ள ஐயா,

கட்டாரில் ஹோட்டல் வேலை பறிபோய்க் கணவர் ஊர் திரும்பி ஐந்து மாதமாகிறது. மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிகுடியில், சீதனமாகக் கிடைத்த இரண்டு அறை வீட்டில் நாங்களும் மூன்று பிள்ளைகளும் இருக்கிறோம். அம்மா பின்வளவுக் கொட்டிலில் இருக்கிறா. அதுவும் மழைக்கு ஒழுகுகிறது. கஷ்ட காலத்தில் இருக்கிற வீட்டுக்கு நன்றி சொன்னால் மனம் ஆறும், தினமும் பத்து விடயங்களைக் கொப்பியில் எழுது என்கிறார்கள். எனக்கு வரவில்லை. இது என் குறையா? வீட்டு உறுதிப் பத்திரத்தை அடகு வைத்துக் கொழும்புக்குப் போய்விடலாமா?

ஒரு வாசகி

அன்பு மகளுக்கு,

கொப்பியை மூடி வையுங்கள். அடகும் கொழும்பும் நீங்கள் இருவரும் இருந்து பேச வேண்டிய கணக்கு. ஆனால் வீட்டைப் பற்றி இவ்வளவு எழுதிய நீங்கள், அதைத் தந்தவரை ஒழுகும் கொட்டிலோடு சேர்த்து ஒரு வரியில் கடந்து போய்விட்டீர்கள். கோபம் வந்தது. சில வாரங்களாக என் தாயின் நினைவாகவே இருக்கிறேன், அதனாலும் இருக்கலாம்.

1978 நவம்பர் 23 இரவு அடித்த சூறாவளியில் பெரியகல்லாற்றில் எங்கள் வீட்டுக் கூரை முழுவதும் பறந்தது. எனக்கு அப்போது பத்து வயது. விழுந்து கிடந்த தென்னைகளின் ஓலையையே வெட்டி, தண்ணீரில் ஊறப்போட்டு, கிழிந்த விரல்களில் சீலைத் துண்டைச் சுற்றிக்கொண்டு, அம்மா நாள் முழுவதும் கிடுகு பின்னினார். பிறகு பல வருடங்கள் காசு சேர்த்துக் கல்வீடு கட்டி, அக்காவின் கல்யாணத்தன்று அதைக் கொடுத்துவிட்டு, பாயையும் உலைமூடியையும் எடுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போனார். மறுநாள் உரல் எடுக்க வந்தவர், தான் கட்டிய வீட்டின் வாசலில் நின்று அக்காவைக் கூப்பிட்டார். ஏன் என்று கேட்டேன். "இனி இது அக்காட வீடு மனே, கேட்டுத்தான் எடுக்கணும்" என்றார்.

இந்தக் கிழக்குக் கரையில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் வீடு பெண்பிள்ளைக்கு உரியது. மாப்பிள்ளைதான் வந்து குடியேறுகிறார். மாமி தந்த கூரையின் கீழ் முப்பது வருடங்களாக இருக்கிற எனக்கு இது நன்றாகத் தெரியும். 2004 சுனாமிக்குப் பின் கட்டிக் கொடுக்கப்பட்ட வீடுகள் பலவற்றில் 'குடும்பத் தலைவர்' என்று கணவனின் பெயரையே எழுதினார்கள். அலை கொண்டுபோன அக்காவின் வீட்டுக்குப் பதிலாகக் கிடைத்ததும் அத்தானின் பெயரில்தான் வந்தது. அத்தான் நல்ல மனிதர். அவருக்கே கூச்சமாக இருந்தது. அம்மாவோ அந்தப் பத்திரத்தை வெகுநேரம் தடவிப் பார்த்துவிட்டு, "ஆர் குடுத்த வீடு எண்டு இனி ஆருக்குத் தெரியும்?" என்றார். தாய்க்கு மகள் பட்ட கடனை ஒரு படிவம் இப்படி அழித்துவிடும் என்பதை இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை. படிவம் எதுவும் இல்லாமலே நீங்கள் அதை மறக்கலாமா?

சுவரைப் பார்த்து நன்றி சொல்ல யாருக்கும் வராது, மகள். அதில் உங்கள் குறை ஒன்றுமில்லை. வாடை மழை தொடங்குமுன் அந்தக் கொட்டிலின் கூரையைப் பிரித்து மேயுங்கள். வேலை இழந்து வந்த மனிதர் முற்றத்தில் கூனிக்குறுகி இருப்பார்; மாமிக்குக் கூரை போடுவது அவருக்கும் ஆறுதலாக இருக்கும். வேலை முடியும்வரை அம்மாவை உள்ளே அழைத்து உங்களருகில் படுக்க வையுங்கள். அந்த இரண்டு அறையும் எப்படி எழும்பின என்று, பிள்ளைகளும் கேட்கும்படி, அவரிடம் கேளுங்கள்.