பொமரேனியன் குட்டி கடிக்கிறது: தோவாளைப் பூ விவசாயியின் கேள்விக்குப் பதில்

கேள்வி: தோவாளை பக்கம் பிச்சியும் அரளியும் போட்டிருக்கிறோம். பேத்தி ஆசைப்பட்டாள் என்று 35 நாள் பொமரேனியன் குட்டி ஒன்று வாங்கினோம். இப்போது 3 மாதம் ஆகிறது. கையை நீட்டினால் கடிக்கிறது. பேத்தியின் கையெல்லாம் கீறல். விடியற்காலையில் பூப்பறிக்க வரும் பெண்களின் கணுக்காலைக் கவ்வுகிறது, சேலைக் கரையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது. சாயங்காலம் ஆனால் பேய் பிடித்த மாதிரி ஓடிஓடிக் கடிக்கிறது. ஆட்டுக்குட்டியின் காதையும் விடுவதில்லை. மூக்கில் தட்டினால் இன்னும் மூர்க்கமாகிறது. வாயில் மிளகாய்ப்பொடி தடவச் சொல்கிறார்கள். சின்ன ஜாதிதானே, வளர்ந்தால் தானாக நின்றுவிடுமா?

பதில்: அண்ணாச்சி, முதலில் பேத்தியின் கையைப் பார்ப்போம். குட்டியைப் பழக்குவது அதற்கு அப்புறம்.

பால்பல் குட்டி கடித்தால் ஒன்றும் ஆகாது என்று பலரும் சொல்வார்கள். அதை நம்பாதீர்கள். வெறிநோய்க் கிருமி எச்சில் வழியாகப் பரவுவது. கடித்தது பால்பல்லா, பெரிய பல்லா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வெறிபிடித்த நாய் ஒன்று கடித்திருந்தால் குட்டிக்கும் நோய் வரும். அதனால் பல் பட்டுத் தோல் கிழிந்தால், துளி ரத்தம்தான் என்றாலும், குழாயைத் திறந்துவிட்டு ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். பிள்ளை எரிகிறது என்று கையை இழுக்கும், நேரத்தைக் குறைத்துவிடாதீர்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய் எதையும் காயத்தில் வைக்க வேண்டாம். அன்றைக்கே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ காட்டுங்கள். தோலில் போடும் தடுப்பூசி என்றால் முதல் நாள், பிறகு 3, 7, 28 ஆம் நாட்கள் என்று நான்கு முறை. அரசு மருத்துவமனையில் காசு கிடையாது. ரத்தம் வந்த காயமாக இருந்தால் காயத்தைச் சுற்றிப் போடும் மருந்தும் தேவைப்படலாம். அதை மருத்துவர் முடிவு செய்வார். ஏற்கெனவே பட்ட கீறல்களையும் மறைக்காமல் சொல்லுங்கள். நாளாகிவிட்டது என்று விட்டுவிடக் கூடாது.

பூப்பறிக்க வரும் பெண்கள் விஷயத்திலும் இதே கவனம் வேண்டும். வேலைக்கு வந்த இடத்தில் நாய் பல் பட்டால் "பரவாயில்ல அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். நீங்களாகவே கேட்டு, காலைப் பார்த்து, மருத்துவமனைக்கு அனுப்பி வைக்க வேண்டும். அன்றைய கூலியையும் பிடிக்காதீர்கள்.

குட்டிக்கு 3 மாதம் ஆகிவிட்டதால் வெறிநோய்த் தடுப்பூசியை இந்த வாரமே கால்நடை மருந்தகத்தில் போட்டுவிடுங்கள். அடுத்த ஊசி எப்போது என்று கேட்டு அட்டையில் குறித்து வாங்குங்கள். அதன்பின் ஆண்டுதோறும் தவறக்கூடாது. ஊசி போட்ட மறுநாளே எதிர்ப்பு சக்தி வந்துவிடாது, சில வாரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் பல் பட்டாலும் மேலே சொன்னதுதான். பார்வோ, டிஸ்டம்பர் என்கிற தொற்றுநோய்களுக்கான ஊசிகளும் குடற்புழு மருந்தும் பாக்கி இருந்தால் அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.

சரி, இனி குட்டி விஷயத்துக்கு வருவோம்.

இது கெட்ட குட்டி இல்லை. பாதிப் பாடத்தில் பள்ளிக்கூடத்தை விட்டு அழைத்து வந்த பிள்ளை மாதிரி. நாய்க்குட்டி கடிக்கிற அளவைக் கற்றுக்கொள்வது தாயிடமும் கூடப் பிறந்த குட்டிகளிடமும்தான், அதுவும் 5 வாரத்திலிருந்து 8 வாரத்துக்குள். ஒன்று இன்னொன்றின் காதை அழுத்திக் கடிக்கும். கடிபட்டது கத்திவிட்டு விளையாட்டை விட்டுப் போய்விடும். அழுத்திக் கடித்தால் விளையாட ஆள் இருக்காது என்பது இப்படித்தான் அதற்குப் புரிகிறது. உங்கள் குட்டியை 35 நாளில், அந்தப் பாடம் தொடங்குகிற நேரத்தில் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017 ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளிலேயே இருக்கிறது. பஞ்சு உருண்டை மாதிரி இருக்கும்போதே கைமாற்றினால்தான் விலை போகும் என்று விற்பவர் நினைக்கிறார். கஷ்டப்படுவது குட்டியும் வாங்கியவரும். அடுத்த முறை யாராவது உங்களிடம் யோசனை கேட்டால், 2 மாதம் தாயோடு இருந்த குட்டியாகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

விட்டுப்போன பாடத்தை இப்போது உங்கள் வீடுதான் சொல்லிக்கொடுக்க வேண்டும். கண்டிப்பாக முடியும், வயது தாண்டிவிடவில்லை. ஆனால் தானாக நிற்குமா என்று கேட்டீர்களே, நிற்காது. பல் முளைக்கும் ஊறல் வயதானால் அடங்கும். வாயால் பிடித்தால் ஆட்கள் குதிப்பார்கள், சிரிப்பார்கள், ஓடுவார்கள் என்கிற பழக்கம் அடங்காது. சின்ன இன நாய்களிடம் நான் காணும் பெரிய சிக்கலே இதுதான். ராஜபாளையம் குட்டி சேலையைப் பிடித்து இழுத்தால் அன்றைக்கே வீட்டில் எல்லோரும் சேர்ந்து கண்டிப்பார்கள். பொமரேனியன் இழுத்தால் செல்போனை எடுத்துப் படம் பிடிப்பார்கள். குட்டியைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே செயல்தான். 2 வயதில் அதே பல் பேத்தியின் முகத்தில் பட்டால் அப்போது யாரும் சிரிக்கப் போவதில்லை. பெரிய நாய் செய்தால் எதை விடமாட்டீர்களோ, அதை இதுவும் செய்ய விடாதீர்கள்.

பல் கையில் பட்டதும் என்ன செய்வது? கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள். இழுத்தால் அது ஓடுகிற இரை. குட்டி இன்னும் பாய்ந்து பிடிக்கும், கீறலும் அதில்தான் விழுகிறது. கையை அப்படியே அசையாமல் மரக்கட்டை மாதிரி வையுங்கள். "போதும்" என்று ஒரே ஒரு முறை, சாதாரணக் குரலில் சொல்லுங்கள். பிடியைத் தளர்த்தியதும் எழுந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கதவுக்கோ தடுப்புக்கோ அந்தப் பக்கம் போய்விடுங்கள். அரை நிமிடம் போதும். அப்புறம் எதுவும் நடக்காத மாதிரி திரும்பி வாருங்கள். மறுபடி கடித்தால் மறுபடி எழுந்து போங்கள். முதல் சில நாள் உட்கார்வதும் எழுவதுமாகவே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நக்கினாலோ, வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாலோ உடனே தடவிக்கொடுத்து, அவித்த முட்டையில் கடுகளவு கொடுங்கள். கடித்தால் ஆள் போய்விடும், கடிக்காவிட்டால் ஆளும் தீனியும் கிடைக்கும். அதற்குப் புரிய வேண்டியது இவ்வளவுதான்.

சிலர் "ஆ" என்று கத்தச் சொல்வார்கள். சில குட்டி அதற்கு நிறுத்தும். உங்களுடையது போன்ற துள்ளல் குட்டி, கத்தினால் விளையாட்டு சூடுபிடிக்கிறது என்று எடுத்துக்கொள்ளும். பேத்தி ஏற்கெனவே கத்திப் பார்த்திருப்பாள். அவளுக்கு வேறு ஒன்று சொல்லிக்கொடுங்கள்: குட்டி பாய்ந்தால் ஓடக் கூடாது, கையைக் கட்டிக்கொண்டு சிலையாக நிற்க வேண்டும், கூடவே தாத்தாவைக் கூப்பிட வேண்டும். பெரியவர் யாரும் இல்லாமல் இருவரையும் தனியே விடாதீர்கள். இது பேத்திக்காக மட்டுமில்லை. பொமரேனியன் குட்டியின் எலும்பு மெலிது. பிள்ளை கையிலிருந்து நழுவி விழுந்தாலே கால் முறியும். பிள்ளை தரையில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் மடியில் விடுங்கள்.

மூக்கில் தட்டுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். தட்டத் தட்ட மூர்க்கமாகிறது என்று நீங்களே கவனித்திருக்கிறீர்கள், அது சரியான கவனிப்பு. கை வந்தாலே அடிதான் என்று பழகிய குட்டி, நாளைக்குத் தடவ வரும் கையையும் முந்திக்கொண்டு கடிக்கும். மிளகாய்ப்பொடி அதைவிட மோசம். வாயும் கண்ணும் புண்ணாகும், கடி நிற்காது. தயவுசெய்து அந்த யோசனையைக் கேட்காதீர்கள்.

சாயங்கால ஆட்டத்துக்குக் காரணம் பெரும்பாலும் தூக்கமின்மை. இந்த வயதுக் குட்டி ஒரு நாளில் 18 மணி நேரம் வரை தூங்க வேண்டும். உங்கள் வீட்டிலோ இருட்டோடு டார்ச் வெளிச்சமும் ஆள் சத்தமும் தொடங்கிவிடும். குட்டியும் அப்போதே எழுந்து எல்லோர் காலையும் சுற்றும். பகலில் ஆளுக்கு ஆள் தூக்கிக் கொஞ்சுவீர்கள். பொழுது சாயும்போது தூக்கம் கெட்ட பச்சைப்பிள்ளை அடம் பிடிப்பது போலத்தான் இது கடிக்கிறது. பறிப்பு முடிந்து பூவை மார்க்கெட்டுக்கு அனுப்புகிற வரை குட்டியை உள்ளறையில், சாக்கு விரித்த தடுப்புக்குள் வையுங்கள். பெண்களுக்கும் நிம்மதி, குட்டிக்கும் தூக்கம். பகலில் ஒரு மணி நேரம் விழித்திருந்தால் அடுத்து தூங்கப் போடுங்கள். பசியும் ஒரு காரணம். சின்ன இனக் குட்டிக்கு வயிறு சிறிது. நீண்ட நேரம் காலியாக இருந்தால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கி நடுங்கும், சோர்ந்தும் விழும். ஒரு நாள் தீனியை நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். சாளை மீன் கொடுப்பதானால் அவித்து, முள்ளைச் சுத்தமாக எடுத்துவிட்டுக் கொடுங்கள்.

கடிக்க அதற்கென்று ஒரு பொருள் வேண்டும். பழைய வேட்டித் துணியைக் கிழித்து முறுக்கி, நடுவில் ஒரு முடிச்சுப் போட்டு, நனைத்து ஃப்ரீசரில் வையுங்கள். குளிர்ந்த துணி ஈறுக்கு இதமாக இருக்கும். நூல் பிரியத் தொடங்கினால் வாங்கிவிட்டு வேறு கொடுங்கள். தேங்காய்க் கதம்பையும் கயிறும் வேண்டாம். நாரை விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும்.

இங்கே நான் மிகவும் பயப்படுவது உங்கள் அரளிக்குத்தான். பூ, இலை, கம்பு, வேர் எல்லாமே விஷம். காய்ந்தாலும் விஷம் போகாது, பூ ஊறிய தண்ணீரும் ஆகாது. கண்டதையெல்லாம் வாயில் போடும் வயது இது. தோட்டத்தில் கிடக்கும் ஒரு குச்சியை எடுத்துப் பேத்தி விளையாட்டாக வீசினால், அது கவாத்து பண்ணிப் போட்ட அரளிக் கம்பாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இரண்டு கிலோகூட இல்லாத குட்டிக்கு அதில் கொஞ்சம் போதும். அரளிப் பாத்திப் பக்கம் குட்டியை விடவே விடாதீர்கள். வெட்டிய கம்பை வீட்டு முற்றத்தில் குவிக்காதீர்கள். மென்றது தெரிந்தாலோ, எச்சில் ஒழுகி வாந்தி எடுத்தாலோ உப்புத் தண்ணீர் புகட்டிக்கொண்டு நேரத்தைக் கடத்தாமல் கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். மருந்தடித்த பிச்சிக்கும் இதே எச்சரிக்கைதான்.

சேலைக் கரையைப் பிடித்தால் அந்த இடத்திலேயே நின்றுவிடச் சொல்லுங்கள். துணி அசையாவிட்டால் அதற்குச் சுவாரசியம் போய்விடும். வாயருகே முட்டைத் துண்டைக் காட்டி, "விடு" என்று சொல்லி, விட்டதும் கொடுங்கள். சில வாரத்தில் தீனி இல்லாமலே அந்தச் சொல்லுக்கு விடும். ஒன்று மட்டும் முக்கியம்: வீட்டில் எல்லோரும் அதே சொல்லைச் சொல்ல வேண்டும், அதேபோல நடக்க வேண்டும். நீங்கள் எழுந்து போகும்போது மகன் கையைக் கொடுத்துச் சண்டை விளையாட்டு ஆடினால் எதுவும் நடக்காது.

ஆட்டுக்குட்டியோடு தானாகப் பழகிக்கொள்ளும் என்று விடாதீர்கள். தாய் ஆடு ஒரு முட்டு முட்டினால் இந்தக் குட்டி தாங்காது. உடம்புப் பட்டை போட்டு, கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, கொட்டிலிலிருந்து தள்ளி உட்கார வையுங்கள். ஆட்டைப் பார்த்துவிட்டு உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிற நேரத்தில் தீனி கொடுங்கள். நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கலாம். கோழிக்கும் இதே முறைதான்.

வீட்டார் ஒரே மாதிரி நடந்தால் இரண்டு மூன்று வாரத்தில் கடியின் அழுத்தம் குறைவது தெரியும். நடுவில், நாலு மாதம் தொடங்கிப் பால்பல் விழும்போது மறுபடி கூடும். சொன்ன முறையை மாற்றாதீர்கள். விளையாட்டுக் கடியில் உடம்பு தளர்வாக இருக்கும், வால் ஆடும். உடம்பு விறைத்து, கண் நிலைத்து, உறுமிவிட்டுக் கடித்தாலோ, தீனித் தட்டருகே வந்தால் மட்டும் கடித்தாலோ, காதைத் தொட்டால் மட்டும் கடித்தாலோ அது வேறு விஷயம். காதுக்குள் உண்ணியோ சீழோ இருக்கலாம். அடிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஆறேழு மாதத்தில் ஒரு நாள் குட்டியின் மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். பொமரேனியன் போன்ற சின்ன இனங்களில் பால் கோரைப்பல் விழாமலே நிற்க, புதுப் பல் அதன் பக்கத்தில் முளைத்துவிடுவது சகஜம். ஒரே இடத்தில் இரண்டு கோரைப்பல் தெரிந்தால் பழையதை மயக்க மருந்து கொடுத்து எடுக்க வேண்டியிருக்கும். வீட்டில் நூல் கட்டி இழுக்க வேண்டாம். வேர் உள்ளே முறிந்துவிடும்.